ஒரே சாலையில் இரு வண்டிகள்

1885ஆம் ஆண்டு சாலை வரலாற்றில் நினைவிற் கொள்ளத்தக்கதோர் ஆண்டாகும். இங்கிலாந்து நாட்டில் காவென்ட்ரி என்னும் நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்னும் மிதிவண்டியை அவ்வாண்டில் செய்து வெளியிட்டார். முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் முழ உயரமுமாக இருந்த பழைய வண்டிகளைப் போலன்றி, ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் அதில் அமைந்திருந்தன. இன்று மாணவர் பள்ளிக்கு ஏறிச் செல்லும் மிதிவண்டி அதன் வழிவந்ததே. அதே ஆண்டில் ஜெர்மனி நாட்டில் கான்ஸ்டாட் என்னும் ஊரில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டம் ஒன்றில் எண்ணெயால் இயங்கும் சிறியதோர் எந்திரத்தைப் பொருத்தினர். மோட்டார் சைக்கிளின் முன்னோடி அதுவே. எனவே மிதிவண்டியையும் மோட்டார் சைக்கிளையும் ஒரே ஆண்டில் பிறந்த உடன்பிறப்புகள் என்று கூறினால் மிகையாகாது.

அவ்வுறவு பின்னரும் நெடுங்காலம் நிலைத்தது. மோட்டார் சைக்கிள் செய்து பெயர் பெற்ற பழைய நிறுவனங்கள் பல, முதலில் மிதிவண்டி செய்தவையே. என்ஃபீல்டும் டிரையம்ஃபும் அவ்வாறு வளர்ந்தவை. ஜப்பான் நாட்டில் போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல் சோய்ச்சிரோ ஹோண்டா, படையினர் விட்டுச்சென்ற சிறு எந்திரங்களை வாங்கி மிதிவண்டிகளில் பொருத்தி விற்றார். அவ்வாறு தொடங்கிய தொழிலே பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டிலும் இவ்விரு தொழில்களும் அக்கம்பக்கமாகவே வேரூன்றின. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டிகளைச் செய்தது. 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. பஞ்சாபில் லூதியானா நகரத்து ஹீரோ நிறுவனத்தார் 1956இல் மிதிவண்டி செய்யத் தொடங்கி, 1984இல் ஜப்பானியருடன் கூடி மோட்டார் சைக்கிள் தொழிலில் இறங்கினர்.

தொழிற்சாலையில் காணும் இந்த உறவு சாலையில் காணப்படுவதில்லை. மாலை நாலரை மணிக்கு மாவட்டச் சாலை ஒன்றில் நின்று நோக்குவோர் இதனை எளிதில் உணர்வர். பள்ளி விட்டதும் மிதிவண்டிகள் இரண்டும் மூன்றுமாக வெளிவருகின்றன. சாலையின் நடுப்பகுதியை லாரியும் பஸ்ஸும் காரும் பிடித்துக் கொள்கின்றன. மிதிவண்டிக்கு எஞ்சுவது இடப்புறத்து ஓரமே. அவ்வோரமேனும் சீராக உள்ளதோ எனின், அதுவும் இல்லை. தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஒரு சாண் பள்ளம்; அதனை ஒட்டிச் சரளையும் மணலும்; தேநீர்க் கடைகளுக்கு முன்னே வரிசையாக நிறுத்திய வண்டிகள்; அறுவடைக் காலமாயின் தார்மேல் பரப்பிக் காயவைத்த நெல்லும் எள்ளும், அவற்றைக் காப்பதற்கென்று அடுக்கிய கருங்கற்களும். உழவர்க்குக் களம் இல்லாத ஊர்களில் சாலையே களமாகிவிடுகிறது; அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. ஆயினும் அக்கற்களை விலக்கிச் செல்ல வேண்டிய மாணவி சற்றே வலப்புறம் சாய்ந்தாக வேண்டும். அந்நேரத்தில்தான் பின்னாலிருந்து மோட்டார் சைக்கிள் வருகிறது.

அது வரும் விதங்கள் பல. சிலர் தொலைவிலிருந்தே ஹாரனை விடாது ஒலித்துக்கொண்டு வருவர். அவ்வொலி தன்னைத்தான் குறித்ததோ, தனக்கு முன்னே செல்லும் மாட்டு வண்டியைக் குறித்ததோ என்று அறியாத சிறுமி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். மிதிவண்டியில் செல்வோர் தலையைத் திருப்பினால் கைப்பிடியும் அப்பக்கமே சிறிது திரும்பும். எச்சரிக்கை என்று எண்ணி எழுப்பிய ஒலியே வண்டியை நடுச்சாலைக்கு இழுத்துவிடும். வேறு சிலர் ஒலி எழுப்பாமலே, முழங்கை உரசும் அளவுக்கு நெருங்கிக் கடந்து போவர். இன்னும் சிலர் மிதிவண்டியைக் கடந்த மறுகணமே அதன் முன்னே இடப்புறம் திரும்பிச் சந்துக்குள் நுழைவர். அவர்கள் கணக்கில் மிதிவண்டி நிற்கிறது. உண்மையிலோ அது முன்னேறிக்கொண்டிருக்கிறது. பிரேக்கை இறுகப் பிடிப்பதைத் தவிர அப்பொழுது அதனை ஓட்டுபவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. மழை நாளில் அதுவும் பயன் தராது. நனைந்த சக்கரத்தின்மேல் பிரேக் கட்டை வழுக்கிச் செல்லும்.

இவை யாவற்றினும் கொடியது இடப்புறமாக முந்திச் செல்லும் வழக்கம். முன்னே பஸ் ஒன்று வேகம் தணிந்து நிறுத்தத்தை அணுகுகிறது. பின்னே வந்த மோட்டார் சைக்கிள்காரர் காத்திருக்க மனமின்றிப் பஸ்ஸுக்கும் மண்ணோரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியில் புகுகிறார். அந்த இடைவெளி காலியிடம் அன்று. அங்கே மிதிவண்டி செல்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்குவோர் கால் வைக்கின்றனர். வலப்புறமாக முந்துபவரைப் பிறர் எதிர்பார்த்திருப்பர். இடப்புறமாக முந்துபவரை எவரும் எதிர்பார்ப்பதில்லை. மிதிவண்டியில் செல்வோர் தமக்கு இடப்பக்கம் சாலையே இல்லை என்று எண்ணியிருக்கையில், அந்த இல்லாத இடத்தில் ஒருவர் தோன்றினால் விலகுவதற்கு வழி ஏது?

இவ்வாறு செய்வோரெல்லாம் கொடியவர் அல்லர். அவர்களுட் பலர் வீட்டில் அன்புள்ள தந்தையர். தம் மகள் மிதிவண்டியில் பள்ளி செல்வதையெண்ணிக் கவலைப்படுவோரும் அவர்களில் உண்டு. பின்னர் ஏன் இந்நிலை? மோட்டார் சைக்கிளின் மேல் அமர்ந்திருப்பவருக்குத் தம் வண்டியும் இரு சக்கர வண்டி, பக்கத்தில் செல்வதும் இரு சக்கர வண்டி, இரண்டும் ஏறக்குறைய ஓரளவினவே என்னும் எண்ணம் தோன்றிவிடுகிறது. கண்ணுக்கு ஓரளவாகத் தோன்றுவன கணக்கில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பள்ளியில் பயிலும் இயற்பியலைக் கொண்டே கண்டுகொள்ளலாம்.

மிதிவண்டியும் அதன்மேல் அமர்ந்த மாணவரும் சேர்ந்து 70 கிலோகிராம் எடை என்று கொள்வோம். மோட்டார் சைக்கிளும் அதனை ஓட்டுபவரும் சேர்ந்து 210 கிலோகிராம் இருக்கலாம். எடையில் மும்மடங்கு. மிதிவண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, மோட்டார் சைக்கிள் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருமாயின், வேகத்தில் நான்கு மடங்கு. இயங்கும் பொருளின் ஆற்றல் எடைக்கு நேராகவும், வேகத்தின் இருபடிக்கு நேராகவும் பெருகுவது. ஆகவே நான்கின் இருபடியாகிய பதினாறை மூன்றால் பெருக்க வேண்டும். மிதிவண்டியைப் போல் 48 மடங்கு ஆற்றலைச் சுமந்துகொண்டு மோட்டார் சைக்கிள் வருகிறது. மேலும், இடர் ஒன்றைக் கண்டு கையும் காலும் பிரேக்கை நாடுவதற்கே ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியில் மிதிவண்டி நான்கு மீட்டர் செல்லும். மோட்டார் சைக்கிளோ பதினாறு மீட்டருக்கு மேல் சென்றுவிடும். பதினாறு மீட்டர் என்பது ஒரு வகுப்பறையின் நீளத்தினும் மிகுதி. பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்னரே அத்தொலைவு கடந்துபோகிறது.

மிதிவண்டி நேர்கோட்டில் செல்வதும் அன்று. வேகம் குறையக் குறைய அது மிகுதியாகத் தள்ளாடும். மேட்டில் ஏறும்போதும், எதிர்க்காற்று வீசும்போதும், பின்னே புத்தகப் பையையோ தங்கையையோ ஏற்றியிருக்கும்போதும் இருபுறமும் சாய்ந்து சாய்ந்தே அதனை மிதித்தாக வேண்டும். இஃது ஓட்டுபவரின் குறையன்று. இரு சக்கர வண்டியின் இயல்பு. விரைந்து செல்கையில் மோட்டார் சைக்கிள் அசையாது நிற்பதற்கும் அவ்வியல்பே காரணம். வேகத்தால் தமக்குக் கிடைத்த அந்த உறுதியை, வேகமில்லாதவரிடமும் எதிர்பார்ப்பது முறையாகாது.

மிதிவண்டியில் செல்வோரிடம் பிழையே இல்லையோ எனச் சிலர் வினவலாம். உண்டு; அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. நால்வர் கைகோத்தது போல் ஒரே வரிசையில் பேசிச் சிரித்துக்கொண்டு செல்கின்றனர். திரும்புமுன் கையை நீட்டிக் காட்டுவோர் அரியர். இரவில் விளக்கின்றிச் செல்வதோ பெரும்பிழை. ஒரு காலத்தில் விளக்கில்லாத மிதிவண்டியைக் காவலர் நிறுத்தித் தண்டம் விதித்தனர். சிம்னி விளக்கையும் டைனமோவையும் பற்றிப் பாட்டனார்கள் இன்றும் கதை கூறுவர். அக்கண்டிப்பு மறைந்தபின், மிதிவண்டிக்கு விளக்கு வேண்டும் என்னும் நினைவே மக்களிடமிருந்து மறைந்தது. பின்புறத்தில் சிவப்புக் கண்ணாடி வில்லை ஒன்று இருந்தாலும் போதும், வரும் வண்டியின் ஒளி அதில் பட்டு மின்னும். அதன்மேல் சேறு படிந்திருக்கும். அல்லது புத்தகப் பை அதனை மூடியிருக்கும். சட்டை கறுப்பு, சாலை கறுப்பு, இரவும் கறுப்பு என்னும்போது, எவ்வளவு கருத்துள்ளவர் மோட்டார் சைக்கிளை ஓட்டிவரினும் தொலைவிலிருந்து காண்பதரிது.

எதிர்த்திசையில் வருவது மற்றொரு பிழை. இதனைப் பற்றிச் சிறிது நின்று எண்ண வேண்டும். நான்கு வழிச் சாலைகளின் நடுவே தடுப்புச் சுவர் எழுந்தபின், எதிர்ப்பக்கத்தில் உள்ள பள்ளிக்குச் செல்ல வேண்டிய மாணவர், தடுப்பில் இடைவெளி உள்ள இடம் வரை வெகுதூரம் போய்த் திரும்பி வரவேண்டியதாயிற்று. எந்திர வண்டிக்கு அது ஓரிரு நிமிடம். காலால் மிதிப்பவருக்கு அது கால்மணி நேரமும் நெற்றி வியர்வையும். ஆதலின் அவர் ஓரமாக எதிர்த்திசையிலேயே வந்துவிடுகிறார். அதே ஓரத்தில் மோட்டார் சைக்கிள்களும் எதிர்த்திசையில் வருகின்றன. முன்னவர்க்குச் சாலை அமைத்தோரின் மறதி காரணம். பின்னவர்க்கு எண்ணெய் சிறிது மிச்சமாவதன்றி வேறு காரணம் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தல் நடுநிலை ஆகாது.

பிழை இருபுறமும் உளதென்று கூறி அமைவோரும் உளர். இக்கூற்று கேட்பதற்கு இனிது, ஆயினும் ஏற்கத்தக்கதன்று. மிதிவண்டிக்காரர் பிழை செய்தால் அதன் துன்பம் பெரும்பாலும் அவரையே சேரும். மோட்டார் சைக்கிள்காரர் பிழை செய்தால் அது பிறரையும் சேரும். பிரிட்டன் நாட்டார் 2022ஆம் ஆண்டு சனவரியில் தம் சாலை நெறி நூலைத் திருத்தியபோது இக்கருத்தையே முதன்மையாக வைத்தனர். எந்த வண்டியால் மிகுந்த தீங்கு விளையக்கூடுமோ, அதனை ஓட்டுபவருக்கே மிகுந்த பொறுப்பு என்று அந்நூல் கூறுகிறது. லாரி ஓட்டுபவர் காரை நோக்கவும், கார் ஓட்டுபவர் மோட்டார் சைக்கிளை நோக்கவும், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் மிதிவண்டியை நோக்கவும், மிதிவண்டியில் செல்பவர் நடந்து செல்வோரை நோக்கவும் கடமைப்பட்டவர் ஆகின்றனர். மிதிவண்டிக்காரரும் இதில் தப்பவில்லை. கடைத்தெருவில் முதியோர் நடுவே மணியடித்துப் பாய்ந்து செல்லும் மாணவர் இதனைக் கருத வேண்டும்.

இவ்வாறு பார்க்குங்கால், மோட்டார் சைக்கிள்காரரின் நிலை இரங்கத்தக்கது என்பதும் விளங்கும். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தால் மடிந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர மோட்டார் வண்டிகளில் சென்றவர்கள். வேறெவ்வகையினரும் அத்துணைப் பேர் மடியவில்லை. அவரைச் சுற்றி இரும்புக் கூடு இல்லை. உடம்பே முன்னே நிற்கிறது. பின்னே வரும் லாரி ஹாரனை ஒலித்தால் அவரும் நடுங்குகிறார். பஸ் உரசிக்கொண்டு சென்றால் அவரும் சபிக்கிறார். அவ்வச்சத்தால்தான் அவர் இடவோரத்தை நாடுகிறார். அங்கே வந்ததும் தம்மினும் மெலியவராகிய மிதிவண்டிக்காரரைக் காண்கிறார். லாரி தமக்குச் செய்ததைத் தாம் மிதிவண்டிக்குச் செய்கிறார். தாம் துரத்தப்பட்டதை நினைவிற் கொள்ளும் அவர், தாம் துரத்துவதை அறிவதில்லை.

ஆகவே மிதிவண்டிக்குத் தனிவழி அமைத்துவிட்டால் தொல்லை தீரும் என எண்ணுவது பாதி உண்மையே. டெல்லி மாநகரில் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே பஸ்ஸுக்கெனத் தனிவழியும் மிதிவண்டிக்கெனத் தனிவழியும் அமைத்து 2008இல் திறந்தனர். எஞ்சிய வழியில் நெரிசல் மிகுந்தபோது மோட்டார் சைக்கிள்கள் மிதிவண்டி வழிக்குள் நுழைந்தன. மோட்டார் வண்டி அவ்வழியிற் செல்லலாகாது என்பது சட்டம். எனினும் தடுப்பார் இல்லாத இடத்தில் சட்டம் ஏட்டளவிலேயே நின்றது. 2016இல் அவ்வமைப்பே அகற்றப்பட்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் கல்லும் வர்ணக் கோடும் மட்டுமே மிதிவண்டியைக் காத்துவிடும் என்று நம்புவோர்க்கு அது தக்க சான்று.

மிதிவண்டிக்குப் பெயர் பெற்ற நெதர்லாந்து நாடும் பிறக்கும்போதே அவ்வாறு பிறந்ததன்று. 1971ஆம் ஆண்டில் அச்சிறு நாட்டின் சாலைகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் நானூற்றுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிக் குரல் எழுப்பினர். அதன் பின்னரே மிதிவண்டி வழிகள் நாடெங்கும் பெருகின. அவ்வழிகளில் சிறு எந்திரம் பூட்டிய மொபெட் வண்டிகளும் நெடுங்காலம் சென்று வந்தன. அவற்றை எங்கே வைப்பது என்னும் வினா அங்கும் எழுந்தது. ஊர்ப்பகுதிகளில் மொபெட்டுகள் மிதிவண்டி வழியை விட்டுக் கார் செல்லும் சாலைக்கே செல்ல வேண்டும் என்று 1999இல் விதி செய்தனர். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாத மிகச் சிறிய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தனர். அவையும் மிதிவண்டிகளுக்கு இடையூறு ஆயின. ஆகவே ஆம்ஸ்டர்டாம் நகரம் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நகரின் பெரும்பகுதியில் அவற்றையும் மிதிவண்டி வழியிலிருந்து நீக்கிச் சாலையிற் சேர்த்தது, தலைக்கவசத்தையும் கட்டாயமாக்கியது. எந்திரத்தால் ஓடும் வண்டி எவ்வளவு சிறிதாயினும், அதன் இடம் காலால் மிதிப்போர் நடுவே அன்று என்பது அந்நகரத்தார் பட்டறிந்து கண்ட முடிவு.

மோட்டார் சைக்கிளுக்கும் ஓரிடம் வேண்டும் அன்றோ? மலேசிய நாட்டில் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே தனிவழி 1970களில் அமைந்தது. லாரியின் அச்சமின்றி அவர்கள் செல்ல இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிள்காரருக்கு அத்தகைய இடம் ஒதுக்க எவரும் நினைத்ததில்லை. சாலையை வரைவோர் காரையும் லாரியையும் மனத்தில் வைத்தே வரைகின்றனர். பின்னர் எஞ்சிய ஓரத்துக்கு மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் நடப்போரும் ஒருவரோடொருவர் போராடுகின்றனர். போராட்டத்தில் வலியவர் வெல்வது இயல்பு. இயல்பு என்பதால் அது நியாயம் ஆகிவிடாது.

சாலை அகலமாகும் வரை ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைகட்டி நிற்கவும் தேவையில்லை. மிதிவண்டியைக் கடக்கும்போது எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை நாடுகள் சில அளந்தே விதித்துள்ளன. பிரான்சு நாட்டில் ஊருக்குள் ஒரு மீட்டரும், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டரும் விட வேண்டும். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர். வெளியே இரண்டு மீட்டர். ஒன்றரை மீட்டர் என்பது பெரியவர் ஒருவர் கையை முழுதும் நீட்டினாலும் எட்டாத தூரம். மிதிவண்டி தள்ளாடிச் சாய்ந்தாலும், அதிற் செல்பவர் விழுந்தாலும், அந்த இடைவெளி அவரைக் காக்கும். அவ்வளவு இடம் இல்லாத குறுகிய சாலையில் என்ன செய்வது? எதிரே வரும் வண்டி கடந்து போகும் வரை மிதிவண்டியின் பின்னே அதன் வேகத்திலேயே செல்ல வேண்டும். இதைத்தான் பலர் பெரும் இழப்பாகக் கருதுகின்றனர். அவ்வாறு பின்செல்லும் நேரத்தை எண்ணிப் பார்த்தால் பத்து விநாடி இருக்கலாம். இருபது விநாடி இருக்கலாம். அதே மனிதர் தேநீர்க் கடையில் அரைமணி நேரம் நின்று நாட்டு நடப்புப் பேசுவார்.

இத்தனையும் எடுத்துரைக்கக் காரணம் உண்டு. மிதிவண்டி தமிழ்நாட்டில் வெறும் வண்டியாக இருந்ததில்லை. 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு பரப்பத் தொடங்கியபோது, ஊர்ப்புறத்துப் பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். வயலில் உழைப்போரும், கல் உடைப்போரும், செவிலியரும், ஆசிரியைகளும் பல்லாயிரக் கணக்கில் கற்றனர். கேலி பேசினோரும் இருந்தனர், அவர்கள் பொருட்படுத்தவில்லை. பெண்களுக்கென்று செய்த வண்டி கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியிலேயே ஏறினர். பஸ்ஸுக்குக் காத்திராமலும், கணவரையோ தமையனையோ எதிர்பாராமலும் சந்தைக்கும் வேலைக்கும் சென்று வந்தனர். பின்னர் 2001-02ஆம் கல்வியாண்டில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியர்க்கு அரசு விலையின்றி மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. 2005-06 முதல் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் பலருக்கும் அது விரிந்தது. உள்ளூரில் மேல்நிலைப் பள்ளி இல்லாத சிற்றூர்ப் பெண்ணுக்கு அவ்வண்டியே பள்ளியின் வாயிற்படி.

அந்த வாயில் சாலையில் அடைபடக்கூடும். மகள் ஒரு நாள் முழங்கை சிராய்த்து வீடு வருகிறாள். மறுவாரம் பக்கத்து ஊரில் ஒருத்தி விழுந்தாள் என்னும் செய்தி வருகிறது. தாய் அஞ்சுகிறாள். பத்தாம் வகுப்பு வரை படித்தது போதும் என்று தந்தை கூறுகிறார். சாலையில் எவரையும் இடிக்காமல் வெறுமனே உரசி அச்சுறுத்திச் சென்ற மோட்டார் சைக்கிள்காரருக்கு, தாம் ஒருத்தியின் படிப்பை நிறுத்தியது ஒருபோதும் தெரியப் போவதில்லை. விபத்துக் கணக்கில் அது சேர்வதும் இல்லை. உயிரிழப்பை எண்ணுவோர், அச்சத்தால் மூலையில் சாத்தி வைத்த மிதிவண்டிகளை எவ்வாறு எண்ணுவர்?

மாணவர்களுள் ஒரு சாராரைக் குறித்தும் இங்கே சொல்ல வேண்டியுள்ளது. பதினோராம் வகுப்பில் அரசு தந்த மிதிவண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, தமையனின் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வருவதைப் பெருமையாக எண்ணுவோர் உளர். பதினெட்டு வயது நிரம்புமுன் அவ்வண்டியை ஓட்டச் சட்டம் இடந்தருவதில்லை. 2019இல் திருத்திய சட்டத்தின்படி, சிறுவர் மோட்டார் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், தந்தைக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கலாம். அச்சிறுவருக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. எனினும் நேற்று வரை மிதிவண்டியில் சென்றவர் இன்று அதனை மறந்துவிடுவதே சட்டத்தினும் வியக்கத்தக்கது. மண்ணோரத்துப் பள்ளமும், பின்னாலிருந்து எழும் ஹாரனின் திடுக்கமும் அவருடைய உடம்பே அறிந்தவை. வயது நிரம்பி முறைப்படி உரிமம் பெறும் நாளில், மிதிவண்டியை எவ்வாறு கடந்து செல்வது என்பதை அவருக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை.

அரசும் ஊராரும் செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. இரு வழித் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு ஏழு மீட்டர் தார்ச்சாலையும், அதன் இருமருங்கும் ஒன்றரை மீட்டர் அகலத்தில் தளமிட்ட ஓரமும் அமைக்கும் முறை வழக்கத்தில் உள்ளது. அந்த ஒன்றரை மீட்டர் மிதிவண்டிக்குப் போதும். அது காலியாக இருந்தால் போதும். மற்றச் சாலைகளில் தார் விளிம்பை ஒட்டிய பள்ளத்தை ஆண்டுதோறும் மழைக்குப் பின் செம்மண் இட்டு நிரப்பினால், மிதிவண்டி அச்சமின்றி இறங்கி ஏறலாம். பள்ளிக்கு இருபுறமும் ஒவ்வொரு கிலோமீட்டர் தொலைவுக்குக் காலையிலும் மாலையிலும் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மோட்டார் வண்டி செல்லலாகாது என்று ஊராட்சியும் காவல் துறையும் பலகை நாட்டி நிற்கலாம். அறுபதில் செல்பவர் முப்பதில் சென்றால், அந்த இரண்டு கிலோமீட்டரில் அவருக்கு மிகுதியாவது இரண்டு நிமிடம். லாரிகள் நிற்பதற்கு ஊரின் எல்லையில் ஓரிடம் ஒதுக்கலாம். உழவர்க்குச் சிமெண்டுக் களம் ஒன்றை அறுவடைக்கு முன் ஊராட்சி கட்டித் தருமாயின், நெல்லும் அதனைக் காக்கும் கருங்கற்களும் சாலையை விட்டு இறங்கிவிடும். மாலை நாலரை மணிக்கு வெளிவரும் மிதிவண்டிகளுக்கு அவ்வோரம் மீண்டும் கிடைக்கும்.